தவழாத குழந்தைக்கு என்ன தேவை? இயக்கத் தாமதமும் இயன்முறை மருத்துவமும்

ஐந்து மாதமாகியும் தலை நிற்கவில்லை, எட்டு மாதமாகியும் குப்புற விழவில்லை, ஒரு வயது முடிந்தும் உட்கார வைத்தால் சாய்ந்துவிடுகிறது என்று ஒரு தாய் கவலைப்படும்போது, வீட்டில் எழும் முதல் பேச்சு பெரும்பாலும் ஆறுதலாகத்தான் இருக்கும். "அவங்க அப்பாவே ஒன்றரை வயசுலதான் நடந்தாரு." "குண்டுக் குழந்தை, மெதுவாத்தான் வரும்." "சில புள்ளைங்க தவழாமலே எழுந்து நடந்துடும்." இந்தப் பேச்சில் பொய் இல்லை. பல குழந்தைகள் விஷயத்தில் அது பலித்தும்விடுகிறது. பலிக்காத குழந்தைகளுக்கோ, திரும்பக் கிடைக்காத மாதங்கள் அந்த ஆறுதலிலேயே கழிந்துவிடுகின்றன.

இயக்க வளர்ச்சி தாமதமான குழந்தைகளுக்கான இயன்முறை மருத்துவம், அதாவது பிசியோதெரபி, கடந்த முப்பது ஆண்டுகளில் பெரிதும் மாறியிருக்கிறது. எப்போது கண்டுபிடிக்கலாம், எந்தப் பயிற்சி பலன் தரும், அதை யார் எங்கே செய்ய வேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்கும் இன்று முன்பைவிடத் தெளிவான விடைகள் உள்ளன. குழந்தையின் உடலைப் பிறர் அசைத்துவிடுவதைவிட, குழந்தை தானே முயன்று அசைவதே அதற்குக் கற்றுத்தருகிறது. அந்த முயற்சி சீக்கிரம் தொடங்க வேண்டும், அன்றாட வாழ்வுக்குள் நடக்க வேண்டும். ஆய்வுகள் வந்துசேரும் இடம் இதுதான். நம் வீடுகளும் மருத்துவமனைகளும் இன்னும் முழுதாக வந்துசேராத இடமும் இதுதான்.

எது தாமதம்?

உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய 5 நாடுகளில் 816 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 2006-இல் இயக்க வளர்ச்சிக்கான கால எல்லைகளை வெளியிட்டது. இந்தியக் குழந்தைகள் தெற்கு தில்லியைச் சேர்ந்தவர்கள். ஆரோக்கியமாக வளரும் குழந்தைகள் பிடிமானமின்றி உட்கார்வது 3.8 முதல் 9.2 மாதத்துக்குள்; கையையும் முழங்காலையும் ஊன்றித் தவழ்வது 5.2 முதல் 13.5 மாதத்துக்குள், தனியே நடப்பது 8.2 முதல் 17.6 மாதத்துக்குள். அப்படித் தவழாமலேயே அடுத்த கட்டத்துக்குப் போன குழந்தைகளும் 4.3 சதவீதம் இருந்தார்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022-இல் தன் வளர்ச்சிப் பட்டியலைத் திருத்தியபோது தவழ்தலை அதிலிருந்து நீக்கிவிட்டது.

எல்லை இவ்வளவு அகலமானது என்பதால், பக்கத்து வீட்டுக் குழந்தை பத்து மாதத்தில் நடந்ததைப் பார்த்துப் பதறத் தேவையில்லை. அதேசமயம், அந்த எல்லைக்கு ஒரு முடிவும் இருக்கிறது. ஒன்பது மாதம் கடந்தும் தனியே உட்காராத குழந்தையையும், பதினெட்டு மாதம் கடந்தும் நடக்காத குழந்தையையும் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குக் கணக்கு சற்று வேறு. 32-ஆம் வாரத்தில் பிறந்த குழந்தைக்கு வயதிலிருந்து 8 வாரத்தைக் கழித்துத்தான் வளர்ச்சியை அளவிட வேண்டும். இந்தத் திருத்திய வயதைக் கணக்கில் கொள்ளாவிட்டால் நன்றாக வளரும் குழந்தைக்கும் தாமத முத்திரை விழும்.

வயதைவிட அசைவின் தன்மை சில நேரம் அதிகம் சொல்லும். மூன்று மாதம் கடந்தும் எந்நேரமும் மூடியே இருக்கும் முஷ்டி, கைகளைப் பிடித்துத் தூக்கும்போது நான்கு மாதம் தாண்டியும் பின்னால் தொங்கும் தலை, அக்குளில் பிடித்துத் தூக்கினால் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொள்ளும் கால்கள், துணிபோலத் துவளும் உடல் எல்லாம் மருத்துவரிடம் காட்ட வேண்டிய அறிகுறிகள். ஒரு வயதுக்கு முன்பே குழந்தை எல்லாவற்றையும் ஒரே கையால் எடுத்தால், "எங்க பேரன் இடதுகைக்காரன்" என்று வீட்டில் மகிழ்வார்கள். அந்த வயதில் கைப்பழக்கம் உறுதியாவது வழக்கமில்லை. மறு கை சரியாக வேலை செய்யாததால்கூட அப்படி நேரலாம். ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததைக் குழந்தை செய்யாமல் விட்டுவிட்டால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

இவற்றைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையத்தில் எம்.கே.சி. நாயரும் அவரது குழுவினரும் உருவாக்கிய வளர்ச்சி அட்டவணையில் இரண்டு வயது வரைக்குமான 17 செயல்களே உள்ளன. அங்கன்வாடிப் பணியாளரே சில நிமிடங்களில் அதைப் பார்த்துவிடலாம்.

ஒரே அறிகுறி, பல காரணங்கள்

தாமதம் என்பது நோயின் பெயரல்ல, அறிகுறி. அதன் பின்னால் இருப்பவற்றில் அதிகம் பேசப்படுவது மூளை முடக்குவாதம். கருவிலோ பிரசவத்தின்போதோ அதையடுத்த மாதங்களிலோ வளரும் மூளைக்கு நேரும் பாதிப்பால் அசைவும் உடல்நிலைக் கட்டுப்பாடும் குலைவதே இது. இந்தியாவில் 1,000 குழந்தைகளில் ஏறக்குறைய 3 பேருக்கு இருப்பதாக 2019-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு கணக்கிட்டது. குறைப்பிரசவம், பிறந்ததும் அழாமல் மூச்சுத் திணறுதல், கட்டுக்கடங்காத மஞ்சள் காமாலை, மூளைத் தொற்று ஆகியவை நம் நாட்டில் முக்கியக் காரணங்கள்.

டவுன் நோய்க்குறி உள்ள குழந்தைகள் தளர்ந்த தசைகளோடு பிறப்பதால் தாமதமாக நடக்கிறார்கள். முதுகுத்தண்டுவடத் தசைச் சிதைவு நோயான எஸ்.எம்.ஏ., ஆண் குழந்தைகளைத் தாக்கும் டுஷேன் தசைச் சிதைவு போன்ற மரபணு நோய்களும் இப்படித்தான் முதலில் வெளிப்படும். இன்னொரு பக்கம் தைராய்டு குறைபாடு, வைட்டமின் டி இல்லாமல் வரும் எலும்பு மென்மை நோய், தாய்க்கு வைட்டமின் பி12 குறைந்ததால் குழந்தைக்கு வரும் பின்னடைவு ஆகியவை இருக்கின்றன. இவற்றுக்கு மருந்துதான் முதல் தேவை. ஓர் எளிய ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் தைராய்டு குறைபாட்டைப் பார்க்காமல் மாதக்கணக்கில் பயிற்சி மட்டும் கொடுத்துக்கொண்டிருப்பது அந்தக் குழந்தைக்குச் செய்யும் அநீதி.

பயிற்சியின் வகையையும் காரணம்தான் தீர்மானிக்கிறது. மூளை முடக்குவாதக் குழந்தைக்கு நன்மை செய்யும் கடும் தசை வலுவூட்டல், டுஷேன் நோயுள்ள சிறுவனின் தசையைச் சேதப்படுத்தக்கூடும். எஸ்.எம்.ஏ.வுக்கு 2016 முதல் நுசினெர்சென், 2019-இல் ஒரே தவணை மரபணுச் சிகிச்சை, 2020-இல் வாய்வழி மருந்தான ரிஸ்டிப்லாம் என்று அடுத்தடுத்து மருந்துகள் வந்துவிட்டன. விலையோ பெரும்பாலான குடும்பங்களின் கைக்கு எட்டாதது. ஆனாலும் நரம்பணுக்கள் அழிவதற்கு முன் கொடுத்தால்தான் முழுப் பலன் என்பதால், அங்கே சீக்கிரம் கண்டுபிடிப்பது உயிர் சார்ந்த விஷயமாகிவிட்டது.

அதற்காக, நோயின் பெயர் உறுதியாகும்வரை பயிற்சியைத் தள்ளிப்போடவும் கூடாது. இரண்டும் சேர்ந்தே நடக்க வேண்டும். தாமதத்தின் விலையை மிகத் தெளிவாகக் காட்டுவது ஒரு சிறிய பிரச்சினை: பிறவியிலேயே கழுத்துத் தசை இறுகித் தலை ஒரு பக்கம் சாய்ந்திருப்பது. முதல் மாதத்துக்குள் பயிற்சி தொடங்கினால் 98 சதவீதக் குழந்தைகள் ஏறத்தாழ ஒன்றரை மாதத்தில் சரியாகிவிடுகிறார்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு தொடங்கினால் ஒன்பது, பத்து மாதம்கூட ஆகிறது. முழுதாகச் சரியாகிறவர்களும் குறைவு.

மூன்றாம் மாதத்திலேயே தெரியும்

மூளை முடக்குவாதத்தை ஒரு வயதுக்கும் இரண்டு வயதுக்கும் இடையில்தான் உறுதி செய்ய முடியும் என்பதே நீண்ட காலம் மருத்துவ வழக்கமாக இருந்தது. அதை மாற்றியவர் ஹைன்ஸ் பிரெக்டல் என்ற நரம்பியல் அறிஞர். அவர் கைக்குழந்தைகளைத் தூண்டாமல், தொடாமல் வெறுமனே கவனித்தார். விழித்திருக்கும் குழந்தையை மல்லாந்து படுக்க வைத்து, பொம்மை காட்டாமல், பேச்சுக் கொடுக்காமல் சில நிமிடம் படம் எடுக்க வேண்டும். ஏறத்தாழ மூன்று முதல் ஐந்து மாதத்தில், நல்ல மூளையுள்ள குழந்தையின் கழுத்து, உடல், கைகால் எல்லாவற்றிலும் சிறுசிறு அசைவுகள் எல்லாத் திசையிலும் இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்கும். மணிக்கட்டு சுழலும், கணுக்கால் திரும்பும், தோள் லேசாக நெளியும். பழகாத கண்ணுக்கு அது வெறும் துறுதுறுப்பு. பழகிய கண்ணுக்கோ அது இல்லாமல் போவது மிக வலுவான எச்சரிக்கை.

ஆஸ்திரேலியாவின் அயோனா நோவாக் தலைமையில் 2017-இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டுதல், திருத்திய வயது ஐந்து மாதத்துக்குள் இந்த முறை 98 சதவீத நுட்பத்துடன் மூளை முடக்குவாதத்தை முன்னறிவிக்கிறது என்று பதிவு செய்தது. ஐந்து மாதத்துக்குப் பிறகு ஹேமர்ஸ்மித் நரம்பியல் பரிசோதனை கைகொடுக்கிறது. 26 அம்சங்கள், மொத்தம் 78 மதிப்பெண். படுக்கை அருகிலேயே செய்துவிடலாம், செலவும் இல்லை. மூளையின் எம்.ஆர்.ஐ. படமும் இவற்றோடு சேரும்போது முடிவு மேலும் உறுதிப்படுகிறது.

நம்மைப் போன்ற நாட்டுக்கு இதில் பெரிய நம்பிக்கை இருக்கிறது. அசைவுகளைப் படம்பிடிக்கக் கைப்பேசி போதும். மெல்போர்ன் ஆய்வாளர்கள் பெற்றோரே படமெடுத்து அனுப்பும் செயலியை உருவாக்கி நடைமுறையில் சோதித்திருக்கிறார்கள். பார்த்துச் சொல்லப் பயிற்சி பெற்றவர்கள் மாவட்டத்துக்குச் சிலர் இருந்தால், பச்சிளங்குழந்தைப் பிரிவிலிருந்து வீடு திரும்பிய எல்லாக் குழந்தைகளையும் மூன்றாம் மாதத்திலேயே சலித்துப் பார்த்துவிடலாம்.

இந்த அவசரத்துக்கு உடலியல் காரணம் உண்டு. மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் நரம்புப் பாதைகள் முதல் இரண்டு ஆண்டுகளில்தான் தமக்கான இடத்தைப் பிடிக்கின்றன. பயன்படும் பாதை வலுப்படுகிறது, பயன்படாத பாதை பின்வாங்குகிறது. ஒரு கையைப் பயன்படுத்தாமலே ஒன்றரை வயதைக் கடக்கும் குழந்தை, அந்தக் கைக்கான பாதையையும் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கிறது.

சிகிச்சையாளரின் கையிலிருந்து குழந்தையின் முயற்சிக்கு

லண்டன் எலும்பு மருத்துவர் வில்லியம் லிட்டில், கடினப் பிரசவத்துக்கும் குழந்தையின் விறைத்த கால்களுக்கும் உள்ள தொடர்பை 1861-இல் மருத்துவர்கள் முன் வைத்தார். அதன்பின் நெடுங்காலம் அறுவையும் கட்டுகளும்தான் சிகிச்சை. 1940-களில் லண்டனில் பெர்தா பொபாத் என்ற சிகிச்சையாளரும் அவர் கணவர் மருத்துவர் காரெல் பொபாத்தும் புதிய வழி வகுத்தார்கள். குழந்தையை உரிய இடங்களில் பிடித்து, விறைப்பைத் தளர்த்தி, சரியான அசைவை உணர வைத்தால் மூளை அதைக் கற்றுக்கொள்ளும் என்பது அவர்கள் எண்ணம். செக் மருத்துவர் வாக்லாவ் வோய்தா உடலின் குறிப்பிட்ட புள்ளிகளை அழுத்தி அனிச்சை அசைவுகளை எழுப்பும் முறையைக் கொண்டுவந்தார். படுக்கையில் கிடந்த பிள்ளைகளை நம்பிக்கையோடு தொட்டுத் தூக்கிய தலைமுறை அது. அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

அந்த முறைகளின் அடிப்படைக் கருத்தை அசைத்தவை குழந்தை வளர்ச்சி ஆய்வுகள். பிறந்த குழந்தையைத் தரையில் கால் படத் தூக்கிப் பிடித்தால் அது எட்டு வைப்பதுபோலக் காலை மாற்றும். இரண்டு மாதத்தில் அந்த அசைவு மறைந்துவிடும். மூளை முதிர்வதால் மறைகிறது என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். அமெரிக்க உளவியலாளர் எஸ்தர் தெலன் 1984-இல் அந்தக் குழந்தைகளைத் தண்ணீரில் பிடித்தபோது அசைவு மீண்டும் வந்தது. கால்கள் சதைபிடித்துக் கனமானதால் தூக்க முடியாமல் போனதே காரணம். அசைவு என்பது மூளையிலிருந்து மட்டும் இறங்கும் கட்டளை அல்ல. உடல் எடை, தசை வலு, தரை, குழந்தையின் விருப்பம் எல்லாம் சேர்ந்து உருவாக்குவது என்று அதிலிருந்து புரிந்தது.

நடை கற்பதற்கு எவ்வளவு பயிற்சி வேண்டும் என்பதை நியூயார்க்கின் கேரன் அடால்ஃப் எண்ணிக் காட்டினார். 2012-இல் வெளியான அவரது ஆய்வில், புதிதாக நடை பழகும் குழந்தைகள் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 2,368 அடி எடுத்து வைத்தார்கள், 17 முறை விழுந்தார்கள். இயல்பாக வளரும் குழந்தைக்கே இத்தனை முயற்சி வேண்டியிருக்கும்போது, மூளை பாதித்த குழந்தைக்கு வாரத்தில் இரண்டு நாள் அரைமணி நேரப் பயிற்சி எப்படிப் போதும்? அந்த அரைமணியிலும் அது பாயில் படுத்தபடி பிறர் கையில் அசைக்கப்பட்டால், அது செய்த முயற்சி என்று எதைக் கணக்கிடுவது? கரையில் படுக்க வைத்துக் கையைக் காலை ஆட்டிவிட்டு யாருக்கும் நீச்சல் கற்றுத்தர முடியாது.

எது பலன் தருகிறது?

நோவாக் குழுவினர் 2013-இலும், பிறகு 2019 வரையான ஆய்வுகளைச் சேர்த்து மறுபடியும், மூளை முடக்குவாதத்துக்கான சிகிச்சைகளைப் போக்குவரத்து விளக்குபோலப் பச்சை, மஞ்சள், சிவப்பு எனத் தரம் பிரித்தார்கள். குழந்தையின் உண்மையான தேவையிலிருந்து இலக்கு வைத்து அதையே திரும்பத் திரும்பப் பழகுவது பச்சை. பாதித்த கைக்கு வேலை கொடுக்க நல்ல கையைக் குறிப்பிட்ட நேரம் கட்டுப்படுத்துவது பச்சை. இரு கைகளையும் சேர்த்துப் பழக்குவதும், பெற்றோர் வழியாக வீட்டில் நடக்கும் பயிற்சித் திட்டமும் பச்சை. பிறர் பிடித்து அசைக்கும் மரபான பொபாத் முறையையும், கையால் மட்டும் தசையை இழுத்து நீட்டுவதையும் அந்தத் தொகுப்பு பரிந்துரைக்கவில்லை. இன்றைய பொபாத் சிகிச்சையாளர்கள் பலர் தங்கள் முறையையே குழந்தையின் முயற்சியை நோக்கித் திருப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

நடைமுறையில் இதன் பொருள் என்ன? இரண்டு வயதுப் பெண் குழந்தை, கால்கள் விறைத்திருக்கின்றன, ஸ்டூலில் உட்கார முடியும், எழ முடியாது என்று வைத்துக்கொள்வோம். அவள் தானாக எழுந்து கட்டில் மேலிருக்கும் பொம்மையை எடுக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. அதுவே இலக்கு. முதலில் உயரமான ஸ்டூல், எழுவது சுலபம். பாதம் முழுதும் தரையில் பதிய வேண்டும், முழங்கால் கால்விரலுக்கு நேராக வர வேண்டும். பொம்மையைக் கட்டில் விளிம்பில் கைக்குச் சற்று எட்டாத தூரத்தில் வைத்தால், அவள் முன்னால் சாய்கிறாள், எடை பாதத்துக்கு இறங்குகிறது, இடுப்பு தூக்குகிறது. சிகிச்சையாளரின் கை முழங்காலில் லேசாகப் படுகிறது, அடுத்த முறை அதுவும் விலகுகிறது. விழப் பார்த்தால் பிடிக்கலாம், தடுமாறினால் விட்டுவிட வேண்டும். பிறகு ஸ்டூல் தாழ்கிறது, அடுத்த வாரம் பாட்டியின் மணைப்பலகை, அப்புறம் வாசற்படி. சாப்பிட எழும்போதும் குளிக்கப் போகும்போதும் அதே அசைவு. பயிற்சிக்கென்று தனி நேரம் தேடாமலே அவள் நாளெல்லாம் பழகுகிறாள்.

இந்த வழியில் நடந்த சில ஆய்வுகள் குறிப்பிடத்தக்கவை. டேல் உல்ரிச் குழுவினர் டவுன் நோய்க்குறியுள்ள குழந்தைகளின் வீட்டிலேயே சிறிய டிரெட்மில் வைத்து, பெற்றோர் குழந்தையைப் பிடித்துக்கொண்டு தினம் 8 நிமிடம், வாரம் 5 நாள் நடக்க வைக்கச் செய்தார்கள். 2001-இல் வெளியான முடிவின்படி அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிட 101 நாள் முன்னதாக நடந்தார்கள். பள்ளி வயது மூளை முடக்குவாதக் குழந்தைகளிடம் நோவாக் 2009-இல் நடத்திய ஆய்வில், குடும்பங்கள் மாதத்துக்குச் சராசரியாக 17.5 முறை, ஒவ்வொரு முறையும் 16.5 நிமிடம் பழக்கியபோது எட்டே வாரத்தில் முன்னேற்றம் தெரிந்தது. பெற்றோருக்கு இந்த எண்ணிக்கை ஆறுதல் தர வேண்டும். இலக்கு தெளிவாக இருந்தால், நாள் முழுதும் பாயருகே உட்கார்ந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

பச்சைப் பட்டியலில் பலர் கவனிக்காத ஒன்று இடுப்பு மூட்டுக் கண்காணிப்பு. மூளை முடக்குவாதக் குழந்தைகளில் சுமார் மூன்றில் ஒருவருக்கு இடுப்பு மூட்டு மெல்ல விலகுகிறது. வலி வரும்வரை வெளியே தெரியாது. ஸ்வீடனின் தென்பகுதியில் 1994-இல் தொடங்கிய திட்டம், எல்லாக் குழந்தைகளுக்கும் குறித்த காலத்தில் எக்ஸ்ரே எடுத்து, விலகத் தொடங்கும்போதே தலையிட்டது. முழுதாக மூட்டு நழுவும் குழந்தைகளின் அளவு 8, 9 சதவீதத்திலிருந்து அரை சதவீதத்துக்கு இறங்கியது. ஒரு எக்ஸ்ரேயின் செலவில் ஒரு வாழ்நாள் வலியைத் தடுக்க முடியும் என்றால், நம் மாவட்ட மருத்துவமனைகளில் அது கட்டாயமாகாமல் இருப்பதற்கு நியாயமே இல்லை.

எச்சரிக்கைப் பக்கத்திலும் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். அழுத்த ஆக்சிஜன் சிகிச்சை மூளை முடக்குவாதத்துக்குப் பலன் தரவில்லை. ஸ்டெம் செல் சிகிச்சைக்கு லட்சக்கணக்கில் கடன் வாங்கும் பெற்றோர் இருக்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் மூளை முடக்குவாதத்துக்கு அதை அங்கீகரிக்கவில்லை. எண்ணெய் தேய்த்துவிடுவது குழந்தைக்கு இதமானது, தாயின் தொடுதலும் நல்லது. ஆனால் அது பயிற்சிக்கு ஈடாகாது. உட்கார வைத்து உருட்டும் பேபி வாக்கர் நடையைச் சீக்கிரம் கொண்டுவராது, விபத்துகளைக் கொண்டுவரும். கனடா 2004-இலேயே அதைத் தடை செய்துவிட்டது. நம் பழைய மர நடைவண்டியில் குழந்தை தன் எடையைத் தானே தாங்கி நின்று தள்ளுகிறது என்பதால் அது வேறு வகை.

எல்லைகளும் நேர்மையும்

சிகிச்சையால் எல்லாக் குழந்தையும் நடந்துவிடும் என்று சொல்வது பொய். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் பாலிசானோ குழுவினர் 1997-இல் மூளை முடக்குவாதக் குழந்தைகளின் இயக்கத் திறனை ஐந்து நிலைகளாக வகுத்தார்கள். முதல் நிலைக் குழந்தை ஓடும், படியேறும். ஐந்தாம் நிலைக் குழந்தைக்குத் தலையைத் தாங்கவே துணை வேண்டும். 657 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து அதே இடத்திலிருந்து 2002-இல் வெளியான ஆய்வின்படி, முதல் நிலைக் குழந்தைகள் தாங்கள் எட்டக்கூடிய இயக்கத் திறனில் 90 சதவீதத்தை ஏறத்தாழ 4.8 வயதிலும், ஐந்தாம் நிலைக் குழந்தைகள் 2.7 வயதிலும் எட்டிவிடுகிறார்கள். ஐந்தாம் நிலையில் உள்ள எட்டு வயதுப் பிள்ளையை "இன்னும் ஒரு வருஷத்துல நடக்க வெச்சிடறேன்" என்று சொல்லிப் பணம் வாங்குவது ஏமாற்று.

அந்தப் பிள்ளைக்குச் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. மூச்சுத் திணறாமல் சாப்பிட ஏற்ற நாற்காலி, இடுப்பையும் முதுகெலும்பையும் காக்கும் நிற்கும் சட்டம், கண்ணாலோ கையாலோ சொல்ல ஒரு பலகை, பள்ளிக்குப் போக ஒரு சக்கர நாற்காலி. சக்கர நாற்காலியைத் தோல்வியாகப் பார்க்கும் மனநிலை பல வீடுகளில் இருக்கிறது. தன் விருப்பப்படி ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போக முடிவதுதான் குழந்தைக்கு முக்கியம். அது காலால் நடந்தாலும் சரி, சக்கரத்தால் நடந்தாலும் சரி. மெக்மாஸ்டரின் பீட்டர் ரோசன்பாமும் யான் வில்லெம் கோர்ட்டரும் 2012-இல் செயல்பாடு, குடும்பம், உடல்தகுதி, மகிழ்ச்சி, நட்பு, எதிர்காலம் என்ற ஆறையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

ஆய்வுகளிலும் குறைகள் உண்டு. பல ஆய்வுகளில் பங்கேற்ற குழந்தைகள் முப்பது நாற்பதைத் தாண்டுவதில்லை. குறைமாதக் குழந்தைகளுக்கு முன்கூட்டியே கொடுக்கும் பயிற்சிகளைத் தொகுத்துப் பார்த்தபோது இயக்கத்தில் கிடைத்த பலன் சிறியதாகவே இருந்தது. இந்த அடக்கத்தோடுதான் பெற்றோரிடம் பேச வேண்டும்.

நம் ஊரில்

இந்தியாவில் 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டம் பிறப்பு முதல் 18 வயது வரை பல வகைக் குறைபாடுகளைச் சலித்துப் பார்க்கிறது. இயக்கத் தாமதமும் அதில் ஒன்று. கண்டறியப்பட்டவர்களுக்கு மாவட்ட இடையீட்டு மையங்கள் உள்ளன. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மூளை முடக்குவாதத்தையும் தசைச் சிதைவையும் அங்கீகரித்த 21 வகைகளுக்குள் வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இயன்முறை சிகிச்சையை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது.

தன்னார்வ அமைப்புகளின் அனுபவமும் நம்மிடம் உண்டு. சென்னையில் பூனம் நடராஜன் 1985-இல் தொடங்கிய அமைப்பு இன்று வித்யாசாகர் என்ற பெயரில் மூளை முடக்குவாதக் குழந்தைகளுக்குச் சிகிச்சையும் கல்வியும் தருகிறது. தென்காசி அருகே ஆய்க்குடியில், கடற்படைத் தேர்வின்போது தண்டுவடம் அடிபட்ட எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம், கிராமங்களிலேயே பணியாளர்களைப் பயிற்றுவித்து வீடுகளுக்கு அனுப்புகிறது. அவர்கள் கையிலுள்ள செயலியில் குழந்தையின் நிலை பதிவாகிறது. சிகிச்சையாளர் அதைப் பார்த்து வழிகாட்டுகிறார். மேற்கு வங்கத்திலும் உள்ளூர்ப் பணியாளர்கள் வீடுதேடிச் சென்று பெற்றோருக்குப் பழக்கும் முறை கொல்கத்தாவின் மூளை முடக்குவாத நிறுவனத்தோடு சேர்ந்து ஆராயப்பட்டது.

இந்த வழி சரியானது என்பதற்கு ஆய்வு மட்டும் காரணமல்ல. மாவட்டத் தலைநகரில் இருக்கும் மையத்துக்கு இரண்டு பஸ் மாறி, விறைத்த குழந்தையை இடுப்பில் தூக்கி வரும் தாய், அந்த அரைமணிப் பயிற்சிக்காக ஒரு நாள் கூலியை இழக்கிறார். ஆறு மாதத்தில் வருவதை நிறுத்திவிடுகிறார். கோப்பில் அவர் பெயருக்கு எதிரே "தொடரவில்லை" என்று எழுதப்படுகிறது. தொடர முடியாதபடி ஏற்பாட்டை அமைத்தவர்கள் நாம்தான். சிகிச்சை வீட்டுக்குப் போக வேண்டும் என்பதோடு, அதன் சுமை முழுதும் தாயின் தலையில் விழாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்பாவும் பாட்டியும் அக்காவும் பழகிக்கொள்ள முடியாத பயிற்சி, தொடர்ந்து நடக்காது.

செய்ய வேண்டியவை தெளிவாகவே உள்ளன. பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு குழந்தைக்கும் மூன்றாம் மாதப் பரிசோதனை தேதி குறித்துக் கொடுக்கப்பட வேண்டும். மாவட்ட மையங்களில் அசைவுகளைப் பார்த்தறியப் பயிற்சி பெற்றவர்கள் இருக்க வேண்டும். இடுப்பு எக்ஸ்ரே அட்டவணைப்படி எடுக்கப்பட வேண்டும். இருபது பயிற்சிகளை அச்சடித்துக் கொடுக்கும் பழக்கம் போய், குடும்பத்தோடு பேசி ஓரிரு இலக்குகளைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் வர வேண்டும்.

இத்தனை பேரைப் பரிசோதித்தோம், இத்தனை பேருக்குச் சான்றிதழ் கொடுத்தோம் என்று திட்டங்கள் கணக்குக் காட்டுகின்றன. அதோடு இன்னும் ஓர் எண்ணை ஒவ்வொரு மாவட்டமும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்: பயிற்சி தொடங்கிய அன்று குழந்தையின் சராசரி வயது எத்தனை மாதம்? அந்த எண் இரண்டு வயதிலிருந்து ஒரு வயதுக்கும், ஒரு வயதிலிருந்து ஆறு மாதத்துக்கும் இறங்கினால், நம் முயற்சி குழந்தைகளைச் சேர்கிறது என்று பொருள். இறங்காவிட்டால், எத்தனை மையங்கள் திறந்தாலும் நாம் தாமதமாகவே வந்துகொண்டிருக்கிறோம்.